பேச்சியின் பெயருக்கு வந்த கார்டுகள்

ஒரகடத்துக்குப் படம் போட்ட போஸ்ட் கார்டு கிடையாது. மாமல்லபுரத்துக்கு உண்டு, காஞ்சிபுரத்துக்கு உண்டு, ஊட்டிக்கு எத்தனையோ விதம் உண்டு. உலகத்துக்கே காரும் போனும் செய்து அனுப்புகிற இந்தச் சாலைக்கு ஒரு கார்டு அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. இங்கே வருகிறவர்கள் ஊர் பார்க்க வருவதில்லை, வேலைக்கு வருகிறார்கள் என்பதால் இருக்கலாம். அதனால் பேச்சியம்மாள் தன் கார்டுகளைத் தானே வரைந்தாள். துணிக்கடைப் பெட்டி அட்டையை அளவாக வெட்டி, ஒரு பக்கம் படம், மறு பக்கம் முகவரி. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்பது ஒன்று. ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயும் ஒரே நிற யூனிஃபார்ம்கள் ஒன்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் லீவு நாளன்று செல்ஃபி எடுக்கும் தோழிகள் ஒன்று. இந்த வட்டாரத்தின் முதல் போஸ்ட் கார்டுகளை வரைந்தவள் அவளாகத்தான் இருக்கும். அவளுக்கு இங்கே நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நாங்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் சுபஸ்ரீ. சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு ஒவ்வொரு பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் கிளை அஞ்சலகத்தில் பட்டுவாடா செய்யும் அக்கா பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாளாக என்னைப் போட்டார்கள். ஸ்கூட்டியில் பை மாட்டிக்கொண்டு, வங்கிக் கடிதங்களையும் கடன் நோட்டீஸ்களையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவேன். அந்தப் பையில் ஒரு நாள் ஜப்பானிலிருந்து ஒரு கார்டு கிடந்தது. கொக்கு படம் போட்ட ஸ்டாம்பு. முகவரியில் ‘பேச்சியம்மாள்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்ததுபோல் எழுதியிருந்தது. கீழே, பெண்கள் ஹாஸ்டலின் பெயர்.

அந்த ஹாஸ்டல் முன்பு ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் விடுதியாக இருந்தது. கல்லூரியை மூடியதும், கம்பெனிக்கு ஆள் கொடுக்கும் கான்ட்ராக்டர் கட்டிடத்தை எடுத்துக்கொண்டார். தெற்கேயிருந்து வந்த பெண்கள் நான்கு மாடி நிறைய இருக்கிறார்கள். கேட்டைத் தாண்டி யாரும் உள்ளே போகக் கூடாது. தபாலை கேட்டில் கொடுத்தால் செக்யூரிட்டி ஆபீசில் கொடுப்பார், ஆபீசில் மேசை மேல் வைப்பார்கள், பெண்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கு முன்னால் இருந்த அக்கா சொல்லிக் கொடுத்த முறை இது. பகல் ஷிப்ட் செக்யூரிட்டி என் அப்பா ராஜாமணி. ஆகையால் எனக்கு அதில் கேள்வியே எழவில்லை.

“இன்னாடி இது, கொக்கு படம் போட்டுக்கினு வந்துகீது?” என்று அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஜப்பான்லேர்ந்து வருது. பத்திரமா குடுங்க.”

“நம்ம வூட்டுக்கு ஒரு தபா கூட இப்டி வரல பாரு” என்றார்.

அடுத்த வாரமே பேச்சி அஞ்சலகத்துக்கு வந்தாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். ஒல்லியான பெண், தலையில் தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் இருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப ஸ்டாம்பு வேண்டுமென்றாள். என்னிடம் இருந்ததைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள்.

“வேற இல்லையாக்கா? பறவை, பூ, ரயிலு அப்படி ஏதாச்சும்? அங்கன அவிய எவ்வளவு நல்ல நல்ல ஸ்டாம்பா தேடி ஒட்டுதாவ. நாம மட்டும் இதை ஒட்டுனா நம்மள என்ன நெனப்பாவ?”

ஸ்ரீபெரும்புதூர் பெரிய ஆபீசிலிருந்து வாங்கி வந்து தருவதாகச் சொன்னேன். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

சங்கரன்கோவில் பக்கம் அவள் ஊர். அம்மா பீடி சுற்றுகிறவர். பன்னிரண்டாவது முடித்ததும், ஊரிலிருந்து ஏஜென்ட் ஏற்றிவிட்ட பஸ்ஸில் மற்ற பெண்களோடு வந்து இறங்கியவள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கார்டு அனுப்பிக்கொள்ளும் இணையதளம் ஒன்றை போனில் பார்த்திருக்கிறாள். அதில் பெயரைப் பதிந்தால், எங்கோ இருக்கும் ஒருவருடைய முகவரி வரும். நாம் அனுப்பிய கார்டு அவருக்குப் போய்ச் சேர்ந்ததும், வேறு ஊரில் வேறு யாரோ ஒருவர் நமக்கு ஒன்று அனுப்புவார். யார், எந்த நாடு என்பது கார்டு கையில் வந்து சேரும்வரை தெரியாது.

“எங்க வீட்டுக்கு வந்த தபால் எல்லாமே எங்கய்யா பேருக்குத்தான் வரும்க்கா. அவிய போய்ச் சேந்த பெறவும் அவிய பேருக்குத்தான் வருது. என் பேரு போட்டு ஒண்ணு வரணும்னு எனக்கு ஒரு ஆசை. வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

கல்யாண ஸ்டூடியோக்களில் கொடுப்பார்களே, பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம், அதில்தான் சேர்த்தாள். ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பார்கள் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாம்பு கார்டிலேயே இருக்க வேண்டும், அதன் மேல் விழுந்த தபால் முத்திரையும் இருக்க வேண்டும். “எந்த ஊர்ல, எந்தத் தேதில கிளம்புச்சுன்னு அந்த ரவுண்டுதானே சொல்லுது? அது இல்லைன்னா இது வெறும் படம்லா” என்பாள். அறைத் தோழி கவியா, பேச்சியின் பக்கத்து ஊர்க்காரி, விடாமல் சீண்டுவாளாம்: “ஏட்டி, ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கியோ? எனக்கும் ஒண்ணு தள்ளிவிடேன், குளிரு இல்லாத நாடா பாத்து.” ஞாயிற்றுக்கிழமைகளில் அறைப் பெண்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, முத்திரையை விரலால் மறைத்து, படத்தை மட்டும் பார்த்து எந்த நாடு என்று சொல்லும் பந்தயம் வைப்பார்கள். தோற்றவள் எல்லோருடைய சாப்பாட்டுத் தட்டையும் கழுவ வேண்டும்.

அவளுக்குக் கார்டு அனுப்பியவர்களில் ஒருவர் மட்டும் தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். இலோனா என்று பெயர், ஹங்கேரிக்கார அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் இருந்தவராம். நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் பேச்சி அந்தப் படத்தை வரைந்தாள்: நீளமான ஒரு மேசை, அதன் இரண்டு பக்கமும் தொப்பியும் முகமூடியும் போட்ட பெண்கள், கண்கள் மட்டும் தெரிகின்றன, எல்லோரும் நிற்கிறார்கள். மெஷின் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, என்ன செய்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. பின்புறம், போனில் மொழிபெயர்த்துப் பார்த்து எழுதிய இரண்டு வரி: ‘இது என் லைன். வலமிருந்து நான்காவது நான்.’ எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. அதற்கு யானை ஸ்டாம்பு தேடிக் கொடுத்தேன்.

இலோனாவின் பதில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்பு மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்றின் படம். கார்டுதானே, பின்புறம் எழுதியது கண்ணில் பட்டது. ‘எங்கள் லைனில் எல்லோருக்கும் இப்படி ஒரு நாற்காலி இருந்தது. உங்கள் படத்தில் எல்லோரும் நிற்கிறீர்களே, கால் வலிக்காதா? உங்களுக்கு ஏன் நாற்காலி இல்லை?’ பேச்சி சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒரு வாரம் கழித்து பேச்சி அஞ்சலகத்துக்கு வந்து, இலோனாம்மா கார்டு இன்னும் வரவில்லையே, வழியில் தொலைந்திருக்குமோ என்று கேட்டாள்.

“சிவப்பு நாற்காலி படம் போட்டதா? போன வாரமே கேட்ல குடுத்துட்டேனே.”

அவள் முகம் மாறிவிட்டது. “மேசையில இல்லியேக்கா. தினமும் பாக்கேனே.”

அன்று மாலையே ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள். ஹாஸ்டல் இன்சார்ஜ் அமலா மேடம் அலட்டிக்கொள்ளாமல், “அது சார்கிட்ட கீது. போட்டோ எடுத்து அனுப்ச்சேன், கொண்டாந்து குடுன்னார்” என்றிருக்கிறார். சார் என்றால் பிரவீன், கான்ட்ராக்டரின் எச்.ஆர். ஆபீசர். மறுநாள் அவர் வந்து, பேச்சியைக் கூப்பிட்டு, இதுவரை வந்த கார்டு எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். லாக்கரைத் திறக்க அமலா மேடமே கூடப் போனார். ஆல்பம் அப்படியே கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டது.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. “படிச்சிருக்காவக்கா” என்றுதான் சொன்னாள். “என் கார்டைப் படிச்சு, போட்டோ எடுத்து, இன்னொரு ஆளுக்கு அனுப்பியிருக்காவ. நான் இன்னும் படிக்கவே இல்ல.”

எனக்கு உடம்பு எரிந்தது. அவள் பெயருக்கு வந்ததை அவளுக்கு முன்னால் மூன்று பேர் படித்துவிட்டார்கள், அந்த மூவரில் நானும் ஒருத்தி. அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே வேறுதானா? கேட்டில் கொடுத்தால் அவளிடம் கொடுத்ததாகுமா? இந்தக் கேள்வி மூன்று வருட பி.காம். படிப்பில் எங்கும் வரவில்லை. போனில் தபால் சட்டம் என்று தேடினேன். பழைய சட்டம், புதிய சட்டம் என்று ஏதேதோ வந்தது. பாதி புரிந்தது, மீதி புரியவில்லை. ஆனால் இது அநியாயம் என்று தெரிந்துகொள்ளச் சட்டம் எதற்கு?

“எழுத்துல புகார் குடுக்கலாம், நான் எழுதித் தரேன்” என்றேன்.

“குடுத்தா நாளைக்கே என்னைய ஊருக்கு பஸ் ஏத்திருவாவ. எனக்கு என் கார்டு வேணும், வேலையும் வேணும். ரெண்டையும் கேக்கது பேராசையாக்கா?”

பிரவீன் ஹாஸ்டலுக்கு வரும் நாளாகப் பார்த்து இருவரும் போனோம். கேட்டில் அப்பா என்னைப் பார்த்து முறைத்தார். “நீ எங்கடி உள்ள பூர்ற?” என்றார். “தபால் விஷயமா சாரைப் பாக்கணும்” என்றேன். யூனிஃபார்மில் இருக்கும்போது மகளோடு சண்டை போட முடியாது என்று நினைத்திருப்பார், விட்டுவிட்டார்.

அமலா மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “இன்னாமா போஸ்ட்டு, தபால் குடுத்தமா போனமான்னு இல்லாம, பஞ்சாயத்துக்கு வந்துக்கினியா?”

“பேச்சியம்மாள் பேருக்கு வந்ததை அவங்ககிட்டதான் குடுக்கணும் மேடம். அது அவங்களோடது.”

பிரவீன் பொறுமையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “நீ படிச்ச பொண்ணுதானே? யோசிச்சுப் பாரு. கவர்ல வந்திருந்தா நாங்க பிரிச்சிருக்கவே மாட்டோம். கார்டு ஓப்பனாதானே வருது? யார் வேணா படிக்கட்டும்னுதானே ஓப்பனா அனுப்பறாங்க? இதுல என்ன தப்பு?”

“சரி சார், படிச்சிட்டீங்க. ஏன் எடுத்து வச்சிருக்கீங்க?”

“லைனைப் படம் வரைஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கா. லைன்ல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஜாய்ன் பண்ணும்போதே கையெழுத்து வாங்கியிருக்கோம். அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட் வருது, நம்ம சரக்கை வாங்கறவங்களே வந்து செக் பண்றாங்க. எங்க நாற்காலி, ஏன் நாற்காலி இல்லைன்னு எவளோ ஒருத்தி அங்கேர்ந்து கேக்கறா. நாளைக்கு இதை நெட்ல போட்டா பதில் சொல்றது யாரு? நீயா?”

பேச்சி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் போட்டோ எடுக்கல சார். வரைஞ்சேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“நாங்க நிக்கோம்னு சொன்னது தப்பா சார்? நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்.”

“ஏய், நக்கலா?”

“நக்கல் இல்ல சார். உக்காந்திருக்கோம்னு வரைஞ்சிருந்தாத்தான் பொய்.”

அமலா மேடம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரவீனுக்குக் காது சிவந்தது. “வெரிஃபிகேஷன் முடியட்டும், தரேன். உன் கான்ட்ராக்ட் ரினியூவலுக்கு என் டேபிளுக்குத்தான் வரணும், ஞாபகம் வச்சுக்கோ” என்றார். நாற்காலியைப் பற்றி நாங்கள் நின்றுகொண்டேதான் பேசிவிட்டு வந்தோம். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அன்று வீட்டில் அப்பா சத்தம் போட்டார். “நான் சோறு துன்ற எடத்துல வந்து வம்பு வளக்கிற. படிச்ச திமிரு. அவங்க பொண்ணுங்கள பாதுகாப்பா வெச்சுக்கினு கீறாங்க, அதுக்குத்தான் செக் பண்றாங்க.”

“அடுத்தவங்களுக்கு வந்ததைப் படிக்கறதாப்பா பாதுகாப்பு?”

“ரூல்ஸுன்னா ரூல்ஸு.”

அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த மனிதர், இந்த வயதில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, தன்னைவிடச் சின்னவர்களுக்கு சல்யூட் அடிக்கிறார். அந்த கேட்டில் அவர் கைக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. வட்ட வடிவம், ஊதா மை, நடுவில் ‘செக்டு’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அரிசி மூட்டை வந்தாலும், ஊருக்குப் போகும் பெண்ணின் பெட்டி வெளியே போனாலும், அதற்கான சீட்டில் அந்த சீல் விழ வேண்டும். சீல் விழுந்த பொருளை அடுத்து யாரும் தடுக்க மாட்டார்கள். அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி வைப்பார். மை காய்ந்தால் தானே நிரப்புவார். சீல் கோணலாக விழுந்தால் அவருக்கு மனசு ஆறாது.

ஆடிட் வந்தது, போனது. வந்தவர்கள் லைனைப் பார்த்தார்களா, நாற்காலியைப் பற்றிக் கேட்டார்களா, தெரியாது. அதற்குப் பிறகும் பேச்சியின் லைனில் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆல்பம் மட்டும் திரும்பவில்லை. பேச்சி ஒவ்வொரு வாரமும் ஆபீசில் கேட்டாள். கவியாவும் மற்ற பெண்களும் கூடவே போய் நின்றார்கள். “அந்தப் பொண்ணு தொல்ல தாங்கல” என்று அமலா மேடமே பிரவீனுக்கு போன் போட்டாராம்.

ஒரு நாள் மாலை அப்பா வேலையிலிருந்து வந்து, வழக்கமில்லாத உற்சாகத்தோடு என்னைக் கூப்பிட்டார்.

“உன் சிநேகிதி ஆல்பம் வந்திச்சிடி. நானே சரி பண்ணிக் குடுத்துட்டேன். இனிமே எவனும் புடிச்சி வெக்க முடியாது.”

“சரி பண்ணீங்களா? என்ன பண்ணீங்க?”

“கேட் பாஸ்ல ஆல்பம்னு போடல, கார்டுங்கன்னு போட்டுக்கினு வந்திச்சி. அப்போ சீட்டுல ஒரு சீல் போட்டா பத்தாது. நாளைக்கி வேற எவனாவது இது இன்னா, எங்கேர்ந்து வந்திச்சின்னு கேட்டா? அதான் ஒண்ணொண்ணா எடுத்து, ஒண்ணுகூட வுடாம சீல் போட்டுட்டேன்.”

“எங்கப்பா போட்டீங்க? எந்த எடத்துல?”

“படத்து மேல போட்டா அசிங்கமா பூடும்ல? ஸ்டாம்பு மேலதான். அங்கதான் ஏற்கெனவே சீல் அடிச்சிக் கீதே.” அவருக்கு அவ்வளவு நிச்சயம். ஒன்றுகூடக் கோணலாக விழவில்லை என்றும் சொன்னார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஒரு தபால் முத்திரைக்கும் ஒரு கேட் சீலுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குச் சொல்ல முயன்றபோது, அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: “நீயும்தான ஆபீஸ்ல ஸ்டாம்பு மேல டொப்பு டொப்புன்னு அடிக்கிற?”

மறுநாள் தபாலோடு போனபோது பேச்சி கேட்டில் நின்றிருந்தாள். ஆல்பத்தை மார்போடு அணைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திறந்து காட்டினாள். ஜப்பான் கொக்கின் கழுத்தில் ஊதா வளையம். போர்ச்சுகல்லிலிருந்து வந்த பூ ஸ்டாம்பு பாதி மறைந்திருந்தது. எந்த ஊர், எந்தத் தேதி என்று எதுவும் தெரியவில்லை. எல்லா நாட்டு முத்திரையின் மேலும் ஒரே வார்த்தை, செக்டு, செக்டு, செக்டு. அவள் இன்னும் ஒரு தடவைகூட நிம்மதியாகப் படிக்காத இலோனாவின் கார்டிலும் அதே.

அப்பா பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்கதான் அடிச்சீகளா?”

“ஆமாம்மா. ஒரு சேஃப்டிக்கி...”

“என்னையக் கேட்டீகளா?”

“நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்.”

“எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தீய!” என்றாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. மாடி ஜன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “அமலா மேடம் நல்லதுக்குப் படிச்சாவ. பிரவீன் சாரு நல்லதுக்குத் தூக்கிட்டுப் போனாவ. நீங்க நல்லதுக்குக் குத்துனீய. இது என்ன அரிசி மூட்டையாய்யா? எனக்கு வந்ததுய்யா! எங்கெங்கேயோ இருக்கவிய என் பேரை எழுதி, தேடி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினது. அதைத் தொடுததுக்கு முன்னால, ஏ பேச்சி, இதுல அடிக்கலாமான்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை கேக்க உங்க யாருக்கும் வாய் வரலையே!”

அப்பா மேசை மேலிருந்த சீலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி யாரும் கேட்டதில்லை, அதுவும் மகள் வயதுப் பெண். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அவரை அப்படிப் பார்க்கவும் முடியவில்லை. நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் பேச்சி பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நின்றதென்னவோ நடுவில்.

அன்றிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றினேன். ஹாஸ்டலுக்கு வரும் தபால் எதையும் கேட்டில் கொடுப்பதில்லை. பெயரைச் சொல்லி ஆளைக் கூப்பிடச் சொல்வேன், வரும்வரை நிற்பேன். அமலா மேடம் “இன்னா, புதுசா சட்டம் போட்டுக்கினு கீற?” என்றார். நின்றேன். மைக்கில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிக் கூப்பிட்டபோதுதான், தங்கள் பெயருக்கும் முன்பு என்னென்ன வந்திருக்கும் என்று மற்ற பெண்கள் ஆபீசில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு வந்த பரீட்சை ஹால் டிக்கெட், பரீட்சை முடிந்த பிறகு அமலா மேடத்தின் டிராயரிலிருந்து வந்தது. “மறந்துட்டேன்மா, இன்னா இப்போ” என்றாராம் மேடம். என்ன இப்போதா! ஒரு வருடம் போயிற்று அந்தப் பெண்ணுக்கு.

பேச்சி சில நாள் கார்டு எதுவும் அனுப்பவில்லை. பிறகு ஒரு மதியம் அஞ்சலகத்துக்கு வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து இலோனாவுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். கேட்டை வரைந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நீலச் சட்டையில் ஒருவர். முகம் வரையவில்லை, ஆனால் முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காரும் அந்த விதம் எனக்குத் தெரியும்.

“கவர்ல போட்டு அனுப்பேன், பேச்சி. யாரும் படிக்க மாட்டாங்க” என்றேன்.

“ஒளிச்சு அனுப்ப நான் என்ன களவா எடுத்தேன்? எல்லாரும் படிக்கத்தானே கார்டுன்னு பிரவீன் சார் சொன்னாரு. படிக்கட்டும்.”

ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. திருத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். “விடுங்கக்கா, இலோனாம்மாவுக்கும் இங்கிலீசு என்னைய மாதிரித்தான். புரிஞ்சுக்கிடுவாவ.”

எழுதி முடித்ததும், யானை ஸ்டாம்பு ஒன்று வாங்கி ஒட்டினாள். ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை. “முதல்ல உங்கப்பா பாக்கணும். அவியளப் பத்தி எழுதியிருக்கேன். ஆளுக்குப் பின்னால பேசுத பழக்கம் எனக்கு இல்ல” என்றாள்.

ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வழியெல்லாம், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். இன்னும் கான்ட்ராக்ட் ரினியூவல் வரவில்லை அவளுக்கு. அப்பாவுக்கும் அது கான்ட்ராக்ட் வேலைதான்.

கார்டை நீட்டியபோது அப்பா சீலைத் தொடவே இல்லை. இரண்டு கையாலும் வாங்கினார், ஓரத்தைப் பிடித்து. படத்தை வெகுநேரம் பார்த்தார். திருப்பினார். ஆங்கிலம். என்னிடம் நீட்டினார்.

“படி.”

தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். ‘அன்புள்ள இலோனா, உங்கள் நாற்காலி வந்தது. நான் பார்க்கும் முன் என் ஹாஸ்டல் முழுக்கப் பார்த்துவிட்டது. எங்களுக்கு ஏன் நாற்காலி இல்லை என்று நீங்கள் கேட்டதற்கு இங்கே யாரிடமிருந்தும் பதில் வரவில்லை, என் கார்டுகளை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது எல்லா ஸ்டாம்பின் மேலும் கேட் சீல். கேட்டில் இருக்கிற ஐயா நல்லவர். அவர்தான் கெடுத்தார். எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது.’

வெளியே ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டு, சீட்டில் சீல் போட்டு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பேரு போட்டுக்கிறாளா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லப்பா. கேட்ல இருக்கிற ஐயான்னுதான் இருக்கு.”

“போடச் சொல்லு. ராஜாமணின்னு போடச் சொல்லு. மூணு ஷிப்ட்டுக்கு மூணு பேரு கீறோம். பேரு இல்லேன்னா மத்த ரெண்டு பேரையும் சேத்து சொன்னாப்புல ஆவும்.”

பேச்சி அவரை நேராகப் பார்த்தாள். “உங்க வேலைக்கு ஏதும் ஆயிராதாய்யா?”

“ஆனா ஆவட்டும். நான்தான அடிச்சேன்.”

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, ‘ஐயா’வுக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில் நெருக்கி எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“பேரைப் போட்டுட்டேன். ஆனா கெடுத்தாருன்னு எழுதினதை எடுக்க மாட்டேன்.”

“எடுக்காத” என்றார் அப்பா.